கொட்டும் பனியில் காரின் போக்கைத் தீர்மானிப்பது டயர்: தேர்வு முதல் ஓட்டம் வரை முழுமையான வழிகாட்டி

ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருக்கும். காலையில் காரைக் கிளப்புகிறோம். சக்கரம் வெறுமனே சுழலாமல் வண்டி தெருவுக்கு வந்துவிட்டால், டயர் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பனிக்காலத்தில் நாம் எடுக்கும் மிக ஆபத்தான முடிவு இதுதான். டயருக்கு மூன்று வேலைகள்: கிளம்புவது, நிற்பது, திரும்புவது. மூன்றிலும் எளிதானது கிளம்புவது. மோசமான டயரோடும் மெதுவாக ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார் நகர்ந்துவிடும். டயரின் உண்மையான தரம் முதல் சிக்னலில் நிற்கும்போதும், ஹைவேயிலிருந்து இறங்கும் வளைவிலும்தான் தெரியவரும். அங்கே தெரிந்து பயனில்லை.

இந்த வழிகாட்டியைக் கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் பனியை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். டொராண்டோ, மார்க்கம், மான்ட்ரியால் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் வண்டி ஓட்டுகிறார்கள். அவர்களில் பலர் பனியே பார்க்காத ஊரில் ஓட்டப் பழகியவர்கள். இயற்பியல் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். சட்டமும் தேதியும்தான் மாறும்.

படி 1: பிடிப்பு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். அப்படி நான்கு. எஞ்சின் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், காரில் எத்தனை மின்னணு உதவிகள் இருந்தாலும், எல்லாமே இந்த நான்கு இடங்களின் வழியாகத்தான் சாலையோடு பேச முடியும்.

பனியில் இந்தப் பிடிப்பு மூன்று வழிகளில் கிடைக்கிறது. முதலாவது ரப்பரின் மென்மை. எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கும் சாதாரண ஆல் சீசன் டயரின் ரப்பர் குளிரில் இறுகும். 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும் என்பது டயர் தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 7 என்பது ஒரு கோடு போட்ட எல்லை இல்லை, படிப்படியாக நடப்பதுதான். ஆனால் மைனஸ் 15-இல் வித்தியாசம் அப்பட்டமாக இருக்கும். வின்டர் டயரின் ரப்பர் கலவை அந்தக் குளிரிலும் வளைந்துகொடுக்கும்படி செய்யப்பட்டது. சிலிக்கா அதிகம் சேர்ப்பது அதற்காகத்தான்.

இரண்டாவது, டயரின் மேற்பரப்பில் எழும்பி நிற்கும் ரப்பர்க் கட்டைகளில் குறுக்கே கீறியிருக்கும் மெல்லிய வெட்டுகள். இவற்றை சைப் என்பார்கள். நிற்கும்போதும் திரும்பும்போதும் இந்த வெட்டுகள் திறந்து, நூற்றுக்கணக்கான விளிம்புகளால் பனியைக் கவ்வுகின்றன. பனிக்கட்டியின் மேலே படரும் மெல்லிய நீர்ப்படலத்தையும் இவை இழுத்துக்கொள்கின்றன.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. டயரின் அகலமான பள்ளங்களில் பனி போய் அடைந்துகொள்வதைப் பார்த்து, டயர் அடைத்துவிட்டது என்று கவலைப்படுபவர்கள் உண்டு. உண்மையில் அது நல்லது. பனி ரப்பரோடு ஒட்டுவதைவிடப் பனி பனியோடு நன்றாக ஒட்டும். பள்ளத்தில் இறுகிய பனி சாலையில் கிடக்கும் பனியோடு கோர்த்துக்கொண்டு, வண்டி நழுவாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் பள்ளத்தின் ஆழம் குறையக் குறையப் பனியில் டயர் பயனற்றுப் போகிறது, வறண்ட சாலையில் அதே டயர் நன்றாக ஓடினாலும்.

இது புதிய அறிவும் இல்லை. பின்லாந்தில், இன்று நோக்கியன் என்று பெயர் பெற்ற தொழிற்சாலை 1934-இலேயே லாரிகளுக்கென்று ஒரு குளிர்கால டயரைக் கொண்டுவந்தது. 1936-இல் கார்களுக்கு ஹக்கபெலிட்டா என்ற குளிர்கால டயர் வந்தது.

படி 2: மூன்று வேலைகளையும் தனித்தனியாக எடைபோடுங்கள்

கொஞ்சம் கணக்கு போடலாம். உராய்வு எண் என்று ஒன்று உண்டு. டயர் சாலையை எவ்வளவு பிடிக்கிறது என்பதன் அளவு அது; எண் கூடினால் பிடிப்பும் கூடும். வறண்ட தார்ச்சாலையில் அது தோராயமாக 0.8. இறுகிய பனியில் சுமாரான டயருக்கு 0.2, நல்ல வின்டர் டயருக்கு 0.3 என்று வைத்துக்கொள்வோம். வழுக்கும் பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழே.

50 கி.மீ. வேகத்தில் வந்து முழு பிரேக் பிடித்தால், வறண்ட சாலையில் சுமார் 12 மீட்டரில் கார் நிற்கும். 0.3 பிடிப்பில் 33 மீட்டர். 0.2-இல் 49 மீட்டர். பனிக்கட்டியில் 98 மீட்டர். கால் பிரேக்குக்குப் போகும் நேரம் இதில் சேரவில்லை.

33-க்கும் 49-க்கும் இடையில் 16 மீட்டர்தானே என்று தோன்றலாம். இப்படிப் பாருங்கள்: 0.3 பிடிப்புள்ள கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தைக் கடக்கும்போது, 0.2 பிடிப்புள்ள கார் இன்னும் 29 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒருவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தால் என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள். வின்டர் டயருக்கு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

அடுத்தது திருப்பம். 50 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவு. ஹைவேயிலிருந்து சுழன்று இறங்கும் பாதைகள் பல இந்த அளவில் இருக்கும். வறண்டிருந்தால் 71 கி.மீ. வரை டயர் தாங்கும். 0.3 பிடிப்பில் 44 கி.மீ. 0.2-இல் 36 கி.மீ. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் போனாலும் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் வெளிப்பக்கமாகத்தான் நகரும்.

இதில் இன்னொன்றும் சேர்கிறது. டயரிடம் இருக்கும் மொத்தப் பிடிப்பு ஓர் அளவுதான். நிறுத்துவதற்கு அதில் முழுவதையும் செலவழித்துவிட்டால், திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. வறண்ட சாலையில் பிடிப்பு தாராளமாக இருப்பதால் வளைவுக்குள்ளே பிரேக் பிடித்தாலும் தப்பித்துவிடுகிறோம். பனியில் அந்தத் தாராளம் கிடையாது. வேகத்தை நேர்சாலையிலேயே குறைத்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, அப்புறம் திருப்ப வேண்டும். இது பனியில் ஓட்டுவதன் அடிப்படை விதி.

இப்போது ஆல் வீல் டிரைவ் விஷயத்துக்கு வருவோம். நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போனால் கிளம்புவது அருமையாக இருக்கும். ஆனால் எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு. ஆல் வீல் டிரைவ் நிறுத்துவதில் எந்தக் கூடுதல் உதவியும் செய்வதில்லை. திருப்பத்தில் டயர் தாங்கும் எல்லையையும் அது உயர்த்துவதில்லை. சாதாரண முன்சக்கர ஓட்டக் கார் நல்ல வின்டர் டயரோடு வந்தால், ஆல் சீசன் போட்ட பெரிய எஸ்.யூ.வி.யைவிட முன்னதாக நிற்கும். வீட்டில் பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இடம் தருகிறது என்றால், யோசிக்காமல் டயருக்குக் கொடுங்கள்.

கார் சறுக்கத் தொடங்கினால் தானாகச் சமாளிக்கும் இ.எஸ்.சி. என்ற நிலைப்புக் கட்டுப்பாடு கனடாவில் 2011 செப்டம்பர் முதல் தயாராகும் பயணிகள் கார்களில் கட்டாயம். அருமையான கருவி. ஆனால் அது இருக்கிற பிடிப்பைச் சரியாகப் பங்கிடும். இல்லாத பிடிப்பை உண்டாக்காது.

படி 3: டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

முதலில் தேட வேண்டியது மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் உள்ள சின்னம். வட அமெரிக்க டயர்த் தொழில் அமைப்புகள் 1999-இல் இதைக் கொண்டுவந்தன. இறுகிய பனியில் ஒப்பீட்டு டயர் ஒன்றைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் இழுவை காட்டினால் இந்தச் சின்னம் கிடைக்கும். கவனியுங்கள், அந்தச் சோதனை அளப்பது கிளம்பும் இழுவையை. பனிக்கட்டியில் எப்படி நிற்கும், வளைவில் எப்படிப் பிடிக்கும் என்பதை அது அளப்பதில்லை. அதனால் சின்னம் இருக்க வேண்டும். அதோடு தேடலை நிறுத்திவிடவும் கூடாது. வாங்கும் முன் பனியிலும் பனிக்கட்டியிலும் பிரேக் தூரத்தை அளந்து வெளியிடும் ஒப்பீட்டுச் சோதனைகளைப் பாருங்கள்.

எம்+எஸ் (M+S) என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள். சேறும் பனியும் என்று பெயர் இருந்தாலும், பள்ளங்களின் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற வடிவ விதியைத்தான் அது குறிக்கிறது. பனியில் சோதித்துத் தேறியதற்கான சான்று இல்லை. ஜெர்மனி 2024 அக்டோபர் முதல் குளிர்காலச் சாலை நிலையில் எம்+எஸ் மட்டும் உள்ள டயரை ஏற்பதில்லை. மலைச் சின்னம் வேண்டும் என்கிறது. சரியான முடிவு.

பிறகு வயது. டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3524 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் தயாரானது. பழைய டயரை வாங்குபவர்கள் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும். வின்டர் டயரின் பாதி மதிப்பே அந்த மென்மைதானே.

டயர் தாங்கும் எடையைக் காட்டும் சுமைக் குறியீட்டு எண் உங்கள் காருக்குச் சொல்லப்பட்டதைவிடக் குறையக் கூடாது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், பேட்டரியின் எடையால்.

படி 4: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

ஆல் சீசன் என்ற பெயரில் எல்லாப் பருவமும் இருக்கிறது; கனத்த பனிக்கு அது போதாது. மழை, வெயில், லேசான குளிர், அவ்வளவுதான்.

ஆல் வெதர் என்பது வேறு. இதில் மலைச் சின்னம் இருக்கும், வருடம் முழுக்க ஓட்டலாம். டொராண்டோ நகருக்குள்ளேயே இருந்து, பனி கொட்டும் நாளில் காரை எடுக்காமல் இருக்கக்கூடியவர்களுக்கு இது ஏற்ற தேர்வு. ஆனால் வடக்கே பேரி, சட்பரி பக்கம் அடிக்கடி போகிறவர்கள், அதிகாலை வேலைக்கு எந்த வானிலையிலும் கிளம்பியாக வேண்டியவர்கள், வின்டர் டயரே போடுங்கள். ஆல் வெதர் இரண்டு பக்கமும் சமரசம் செய்துகொண்ட டயர். பனிக்கட்டியில் அந்தச் சமரசம் தெரியும்.

ஆணி பதித்த டயர்கள் வழுவழுப்பான பனிக்கட்டியில் மற்ற எதையும்விட நன்றாகப் பிடிக்கும். ஆனால் வெறும் தார்ச்சாலையில் சத்தம் அதிகம், சாலையையும் தின்னும். ஜப்பானின் பனி நகரங்களில் இந்த ஆணிகள் சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசி மக்களின் மூச்சுக்கே கேடாகி, 1990-இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது. ஆணியில்லாமலே பனிக்கட்டியைப் பிடிக்கும் மென்ரப்பர் டயர்கள் அங்கே வேகமாக வளர்ந்ததற்கு இது ஒரு காரணம். பிரிட்ஜ்ஸ்டோனின் பிளிசாக் 1988-இல் வந்தது அந்தச் சூழலில்தான். ஒன்டாரியோவில் ஆணி டயர் வடபகுதியில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. தெற்கே இருப்பவர்களுக்கு அது தேவையும் இல்லை.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகளில் அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் விதி தொடங்கிவிடுகிறது. டயரின் ஆழம் 3.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி முதல், வின்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும். கேட்டு வாங்க வேண்டியது நம் வேலை. பலர் கேட்பதே இல்லை.

படி 5: அகலத்தைக் குறைக்க முடியுமா பாருங்கள்

அகலமான டயர் என்றால் பிடிப்பு அதிகம் என்ற நம்பிக்கை ஆழமான பனியில் தலைகீழாகிவிடும். அகல டயர் பனியின் மேலே ஏறி மிதக்கப் பார்க்கும். குறுகலான டயர் காரின் எடையைச் சிறிய பரப்பில் அழுத்திப் பனியை வெட்டிக்கொண்டு கீழே உறுதியான தளத்தைத் தேடிப் போகும். முன்னால் தள்ள வேண்டிய பனியும் குறைவு.

உதாரணமாக, 2016-ஐ ஒட்டி வந்த ஹோண்டா சிவிக்கின் வகைகளில் 18 அங்குல ரிம்மில் 235/40 அளவும், 16 அங்குலத்தில் 215/55 அளவும் இருந்தன (முதல் எண் மி.மீ.யில் டயரின் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரம் எத்தனை சதவீதம் என்பது). இரண்டின் முழு விட்டமும் ஏறக்குறைய ஒன்றே, 64 செ.மீ.யை ஒட்டியது. 16 அங்குலத்துக்கு இறங்கினால் டயர் குறுகும், பக்கவாட்டு உயரமாகும், பனிக்குள் மறைந்த குழியில் ரிம் அடிபடுவது குறையும், விலையும் குறையும். ஆனால் சிறிய ரிம் உங்கள் காரின் பிரேக் வட்டைக் கவ்வும் காலிப்பர் மேல் இடிக்காமல் பொருந்த வேண்டும். இதைக் காரின் கையேட்டிலோ டயர் கடையிலோ உறுதி செய்துகொள்ளாமல் வாங்காதீர்கள்.

வின்டர் டயரைத் தனி ஸ்டீல் ரிம்மில் போட்டு வைத்துக்கொள்வது முதலில் செலவாகத் தெரியும். வருடத்துக்கு இரண்டு முறை ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மாட்டும் கூலியும், அதனால் டயரின் விளிம்புக்கு வரும் சேதமும் மிச்சம். சாலை உப்பு இந்த ஸ்டீல் ரிம்மை அரித்தாலும், கோடைக்கான நல்ல ரிம் தப்பிக்கும். ரிம்மில் காற்றழுத்த சென்சார் இல்லாவிட்டால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அப்போது காற்றைக் கையால் அளந்து பார்ப்பது உங்கள் பொறுப்பு.

படி 6: நான்கும் ஒரே மாதிரி

முன்சக்கர ஓட்டக் கார்தானே, முன்னால் இரண்டு மட்டும் வின்டர் போட்டால் போதாதா என்ற கேள்வி ஒவ்வொரு நவம்பரிலும் வரும். போதாது. அதைவிட, இரண்டு போடுவது ஒன்றும் போடாததைவிட மோசமாக முடியலாம்.

என்ன நடக்கிறது பாருங்கள். முன்னால் நல்ல பிடிப்பு, பின்னால் இல்லை. கார் அழகாகக் கிளம்புகிறது. ஓட்டுபவருக்குத் தைரியம் வந்துவிடுகிறது. வளைவில் நுழைகிறார், கொஞ்சம் வேகம் அதிகம் என்று தோன்றி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார், அல்லது பிரேக்கைத் தொடுகிறார். எடை முன்பக்கம் சாய்கிறது. முன் டயர்கள் இன்னும் நன்றாகப் பிடிக்கின்றன. பின் டயர்கள் எடையும் இழந்து, ஏற்கெனவே இல்லாத பிடிப்பையும் இழந்து, வெளிப்பக்கம் வீசுகின்றன. வால் முன்னால் வந்து, கார் சுழன்றுவிடுகிறது. இந்த நழுவலைச் சமாளிப்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டம்.

பின்னால் மட்டும் வின்டர் போட்டால் எதிர்மாறாக நடக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு நேராகவே இழுத்துக்கொண்டு போகும். பிரேக் சுமையில் பெரும்பகுதியைத் தாங்குவது முன் டயர்கள் என்பதால் நிற்கும் தூரமும் நீளும்.

நான்கும் ஒரே பிராண்டு, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானம் என்று இருக்கட்டும். பனியில் நாம் விரும்புவது பெரும் பிடிப்பை மட்டும் இல்லை. கார் எந்தப் பக்கம், எப்போது நழுவும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிய வேண்டும். அந்த ஊகம் நான்கும் ஒத்திருந்தால்தான் சாத்தியம். இரண்டு மட்டும் கொஞ்சம் அதிகம் தேய்ந்திருந்தால், ஆழம் அதிகமுள்ள ஜோடியைப் பின்னால் போடுங்கள்.

படி 7: ஆழத்தையும் காற்றையும் அளந்து பாருங்கள்

சட்டப்படி டயர் தேய்மான எல்லை பொதுவாக 1.6 மி.மீ. பனிக்கு அந்த எண்ணை மறந்துவிடுங்கள். 4 மி.மீ.யை நெருங்கிவிட்ட டயரைப் பனிச்சாலையில் பயன்படுத்தக் கூடாது என்று கனடாவின் போக்குவரத்துத் துறையே சொல்கிறது. முதல் படியில் சொன்ன அந்தப் பனியைப் பனி கவ்வும் வேலைக்கு ஆழம் வேண்டும். ஆழம் அளக்கும் சிறு கருவி சில டாலர்தான். உள், நடு, வெளி என்று மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போடுவது பணத்தை வீணடிப்பது.

காற்று. வெப்பநிலை சுமார் 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். 20 டிகிரி கதகதப்பான கராஜில் 33 பி.எஸ்.ஐ. பிடித்துவிட்டு மைனஸ் 20-இல் வெளியே நிறுத்தினால், 6 பி.எஸ்.ஐ.க்கு மேல் காணாமல் போயிருக்கும். எனவே வண்டி வெளியே குளிர்ந்து நிற்கும்போது, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அளவு. அதைப் பிடிக்கக் கூடாது.

காற்றைக் குறைத்து ஓட்டினால் பனியில் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. மணலிலும் ஆழ்ந்த பனிப் பாலையிலும் மெதுவாகப் போகிறவர்கள் செய்யும் வேலை அது. நகரச் சாலையிலும் ஹைவேயிலும் செய்தால் ஸ்டியரிங் மந்தமாகும், டயரின் விளிம்பு மட்டும் தேயும், பள்ளங்கள் நெளிந்து மூடிக்கொள்ளும். வேண்டாம்.

படி 8: நேரத்தோடு மாட்டுங்கள்

முதல் பனி விழுந்த அன்று டயர் கடையில் வரிசை தெருவரை நிற்கும். இரவும் காலையும் 7 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதே மாட்டிவிடுங்கள். தெற்கு ஒன்டாரியோவில் அது அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம்.

திசை அம்புக்குறி உள்ள டயர் என்றால், அம்பு சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். கடையிலிருந்து எடுக்கும்போதே நான்கையும் ஒரு சுற்று பாருங்கள். தலைகீழாக மாட்டினால் பள்ளங்கள் பனியையும் நீரையும் வெளியே தள்ளாமல் உள்ளே இழுக்கும்.

நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், காரின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். 100 கி.மீ. ஓட்டிய பிறகு மறுபடி சரிபாருங்கள். இதைச் சோம்பலால் தள்ளிப்போட வேண்டாம். ஹைவேயில் கழன்று ஓடும் சக்கரம் ஆளைக் கொல்லும். புது டயரை முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். அச்சிலிருந்து வந்த மேல்பூச்சு தேய்ந்து, வெட்டுகள் திறந்த பிறகுதான் முழுப் பிடிப்பும் வரும்.

படி 9: உங்கள் காரை நீங்களே சோதித்துப் பாருங்கள்

அனுமதி பெற்ற, விளக்குக் கம்பமும் தடுப்புக்கட்டையும் இல்லாத காலி இடத்தில், முதல் பனி விழுந்ததும் அரை மணி நேரம் செலவழியுங்கள்.

30 கி.மீ. வேகத்தில் நேராக வந்து பிரேக்கை முழுதாக மிதியுங்கள். கால் அடியில் தடதடவென்று அதிரும், உறுமல் சத்தம் கேட்கும். அது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்வது. பயந்து காலை எடுக்காமல் மிதித்தபடியே இருந்து, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று மனதில் பதியவையுங்கள். 0.2 பிடிப்புக்கு இது 18 மீட்டர் வரும். நான்கு கார் நீளம். ஆழமான, இறுகாத பனியில் ஏ.பி.எஸ். தூரத்தைக் கொஞ்சம் நீட்டவும் செய்யும், ஏனென்றால் பூட்டிய சக்கரத்தின் முன்னால் குவிந்து தடுக்கும் பனி மேடு இங்கே உருவாவதில்லை. பதிலாக, பிரேக் பிடித்தபடியே திருப்பும் வசதி கிடைக்கிறது. நல்ல பேரம்தான்.

அடுத்து, 20 கி.மீ. வேகத்தில் பெரிய வட்டமாகச் சுற்றி மெல்ல வேகத்தைக் கூட்டுங்கள். ஓர் இடத்தில் மூக்கு வட்டத்தைவிட்டு வெளியே போகும். நம் கை தானாக இன்னும் அதிகம் திருப்பப் பார்க்கும். அதுதான் தவறு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கைச் சற்றே திரும்பக் கொண்டுவந்தால், டயர் மறுபடி கவ்வுவதைக் கையில் உணரலாம். வால் வீசினால், கண் போக வேண்டிய இடத்தைப் பார்க்கட்டும், கை அந்தத் திசைக்குத் திருப்பட்டும், பிரேக்கை அடிக்காதீர்கள். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கைக்குப் பழக்குவது வேறு.

மின்சாரக் கார் ஓட்டுபவர்கள் ஒன்றைச் சேர்த்துச் சோதியுங்கள். காலை எடுத்ததும் வண்டியைப் பிடித்து இழுக்கும் ரீஜென் பிரேக்கிங் வழுக்கும் சாலையில் வளைவின் நடுவே திடீர் பிரேக்காக வேலை செய்யலாம். அதைக் குறைக்கும் வசதி உங்கள் காரில் இருந்தால், பனி நாளில் குறைத்து வைத்துப் பாருங்கள்.

படி 10: சாலையில் என்ன கிடக்கிறது என்று பார்த்து ஓட்டுங்கள்

பனி என்று ஒரே பொருள் கிடையாது. மைனஸ் 10-இல் விழுந்த வறண்ட பனி காலுக்குக் கீழே கறுக் என்று நொறுங்கும். வின்டர் டயருக்கு அது பிடித்தமான தளம். 0 டிகிரியை ஒட்டிய ஈரப்பனிக்கட்டிதான் மிகமோசம். மேலே நீர்ப்படலம் இருப்பதால் மைனஸ் 20-இல் இருப்பதைவிட அது வழுக்கும். வெயில் அடிக்கிறது, குளிர் குறைந்துவிட்டது என்று அசந்துவிடும் நாள்தான் சறுக்கும் நாள்.

உருகிக் கஞ்சியாகக் கிடக்கும் ஸ்லஷ் இன்னொரு வகை ஆபத்து. 401 ஹைவேயில் இரண்டு தடங்களுக்கு நடுவே அது வரப்பாகக் குவிந்திருக்கும். தடம் மாறும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் அதில் ஏறினால் ஸ்டியரிங் சட்டென்று இழுக்கும். வேகத்தைக் குறைத்து, மிகச் சிறிய கோணத்தில், ஒரே சீராக ஏறி இறங்குங்கள். வேகமாகப் போனால் டயர் ஸ்லஷின் மேலே மிதந்துவிடும். வின்டர் டயராலும் அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

சிக்னல் சந்திப்புகள் எப்போதும் சாலையின் மற்ற பகுதியைவிட மோசம். நூற்றுக்கணக்கான கார்கள் நின்று, சக்கரத்தைச் சுழற்றிக் கிளம்பி, பனியைக் கண்ணாடியாகத் தேய்த்துவிட்டிருக்கும். உப்பு போட்டிருப்பார்களே என்று நம்ப வேண்டாம். மைனஸ் 10-ஐத் தாண்டினால் சாதாரண உப்பின் வேகம் குறைந்துவிடும். சந்திப்புக்கு வெகுமுன்பே, கொஞ்சம் பிரேக்கைத் தொட்டுப் பிடிப்பைச் சோதித்துவிட்டு அணுகுங்கள். சக்கரத் தடங்கள் பளபளவென்று இருந்தால், தடத்தைவிட்டு ஓரமாக, மிதிபடாத பனியில் ஒரு பக்கச் சக்கரத்தை வைத்தால் பிடிப்பு கூடுதலாக இருக்கும்.

ஆழத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. பெரும்பாலான செடான்களின் அடிப்பாகம் தரையிலிருந்து 13 முதல் 16 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். பனி அதைவிட ஆழமானால், வண்டியின் வயிறு பனியின் மேலே உட்காரும். எடை டயரிலிருந்து போய்விடும். எடை இல்லாத டயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிடிக்காது. வாரி வழிக்கப்படாத தெருவில் 20 செ.மீ. பனி கிடந்தால் காத்திருங்கள்.

படி 11: மாட்டிக்கொண்டால்

முதல் வேலை, சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுவது. அது அடைபட்ட நிலையில் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாசனையே இருக்காது, உயிரை எடுக்கும். பிறகு நான்கு சக்கரத்தின் முன்னும் பின்னும், வயிற்றுக்கு அடியிலும் தோண்டுங்கள். சக்கரங்களை நேராக வைத்து, சக்கரம் வெறுமனே சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்து, மெதுவாக முன்னும் பின்னும் சில அடி ஆட்டிப் பார்க்கலாம். சக்கரத்தை வேகமாகச் சுழற்றினால் அடியிலுள்ள பனி உருகிக் கட்டியாகும், குழி ஆழமாகும். மணலோ, பூனைகளின் கழிவுப் பெட்டியில் போடும் கட்டியாகாத வகை மண்ணோ ஒரு பை டிக்கியில் இருந்தால் ஓட்டும் சக்கரத்தின் முன் தூவுங்கள். வெளியே வந்ததும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

படி 12: வசந்தத்தில் கழற்றி வையுங்கள்

மென்மையான ரப்பர் வெயில் சாலையில் வேகமாகத் தேயும், நிற்கும் தூரமும் கூடும். ஏப்ரலில் வெப்பம் 7 டிகிரிக்கு மேலே நிலைத்ததும் கழற்றிவிடுங்கள். கழற்றும்போதே சாக்பீஸால் முன் இடது, பின் வலது என்று ஒவ்வொன்றிலும் எழுதி வைத்தால், அடுத்த வருடம் முன்பின் மாற்றிப் போடலாம். உப்பைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பெரிய பையில் கட்டுங்கள். வெயில் படாத, குளிர்ந்த இடம் வேண்டும். ஃபர்னஸ், மின் மோட்டார் பக்கத்தில் வைக்காதீர்கள். மோட்டாரின் பொறியிலிருந்து வரும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழவைக்கும். ரிம்மோடு இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம் அல்லது தொங்கவிடலாம். ரிம் இல்லாவிட்டால் நிற்கவையுங்கள், மாதம் ஒருமுறை கொஞ்சம் உருட்டிவிடுங்கள். கட்டுவதற்கு முன் ஆழத்தை அளந்து பையின் மேலேயே குறித்துவிடுங்கள். 5 மி.மீ.க்குக் கீழே இருந்தால், அடுத்த டயருக்கான பணத்தைக் கோடையிலேயே ஒதுக்கத் தொடங்கலாம். செப்டம்பரில் கடைகளில் எல்லா அளவும் கிடைக்கும்.